பில்லில் ஒன்பது, பெட்டியில் எட்டு

வெளி அட்டையில் ஒட்டியிருந்த சீட்டில் ஒன்பது என்று போட்டிருந்தது. பில்லிலும் ஒன்பது. உள்ளே இருந்த ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார்த்தால் எட்டு.

சுந்தரேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வலது காலும் எட்டு, இடது காலும் எட்டு. தப்பு செய்தவன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்திருந்தான்.

"கால்ல போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் ருக்மிணி, கீரை ஆய்ந்துகொண்டே.

போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலு நடை நடந்தார். ஷட்டில் ஆடுகிற மாதிரி ஒருதரம் பக்கவாட்டில் எட்டு வைத்தார். கடிக்கவில்லை, கழலவில்லை.

"அப்புறம் என்னங்க?"

"அப்புறம் என்னவா? பில்லுல ஒன்பதுன்னு இருக்கு."

"கால் எட்டுன்னு சொல்லுதே."

"காலா பில் போட்டுச்சு?"

ருக்மிணி கீரைக்குத் திரும்பிவிட்டாள். முப்பத்திரண்டு வருஷத்துத் தாம்பத்தியத்தில் எந்த இடத்தில் கீரைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

சுந்தரேசன் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் பில்களைச் சரிபார்த்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஒருதரம் காஜிப்பேட்டைக்குப் பன்னிரண்டு மண்வெட்டி கேட்டுப் பதின்மூன்று வந்துவிட்டது. அந்தப் பதின்மூன்றாவது மண்வெட்டியைத் தனியறையில் பூட்டி வைத்துப் பதினோரு மாதம் கடிதப் போக்குவரத்து நடத்தியவர் அவர். கடைசியில் மண்வெட்டி துருப்பிடித்துவிட்டது, ஆனால் ஃபைல் சுத்தமாக இருந்தது.

ஆகவே அட்டைப் பெட்டியின் அடியில் இன்னொரு பொருள் கிடந்ததைப் பார்த்ததும் அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். மட்டையின் கைப்பிடியில் சுற்றுகிற கிரிப். மஞ்சள் நிறத்தில் ஒரு சுருள். பில்லை முன்னும் பின்னும் திருப்பினார். கிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சும்மா குடுத்திருப்பாங்க" என்றாள் ருக்மிணி.

"யாரு? எதுக்கு? எந்த உத்தரவுப்படி?"

கீரை தீர்ந்துவிட்டதால் அவள் எழுந்து உள்ளே போனாள்.

இதெல்லாம் 2012-இல் நடந்தது. ஹைதராபாத்தில் மெட்ரோவுக்குத் தூண் நட ஆரம்பித்திருந்தார்கள். இன்டர்நெட் என்பது விரல் நீளத்துக்கு ஒரு டாங்கிளில் வரும். ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் சுறுசுறுப்பாக வரும், மேகம் போட்டால் யோசித்து யோசித்து வரும். ஒரு பொருளை வாங்கிவிட்டு அது எந்த ஊரைத் தாண்டி வருகிறது என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்ப்பது அப்போது ஒரு பொழுதுபோக்கு. சுந்தரேசனின் ஷூ ஜீடிமெட்லா கிடங்கிலிருந்து கிளம்பியதையும், போவன்பள்ளியில் காய்கறி லாரிகளுக்கு நடுவே ஒன்றரை நாள் நின்றதையும் அவர் ரயில்வே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்த மாதிரி குறித்துக்கொண்டே வந்தார்.

ஆன்லைனில் வாங்குவது அவர் யோசனை இல்லை. மகன் ஸ்ரீகாந்த் கச்சிபௌலியில் வேலை பார்க்கிறவன். தீபாவளிக்கு அவன் கம்பெனியில் சிக்ஸர்பஜார் டாட் காம் என்ற விளையாட்டுச் சாமான் இணையக் கடைக்கு ஐநூறு ரூபாய்க் கூப்பன் கொடுத்தார்கள். அவன் விளையாடுவது கீபோர்டில் மட்டும் என்பதால் கூப்பனை, மிச்சப் பணத்துக்குத் தன் கார்டு நம்பரோடு, அப்பாவுக்குத் தள்ளிவிட்டான்.

"முப்பதாம் தேதியோட எக்ஸ்பைரி ஆயிடும்பா. ஷூ ஏதாவது வாங்கிக்குங்க. ஆன்லைன்ல சைஸ் ஒண்ணு கூடவே போடணும், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

சுந்தரேசன் இருபத்தொன்பதாம் தேதி வரை பொறுத்துப் பார்த்தார். ஐநூறு ரூபாய் மதிப்புள்ள ஒரு காகிதம் கண்ணெதிரே உயிர்விடுவதை வேடிக்கை பார்க்கும் மனோதிடம் அவருக்கு இல்லை. ஒன்பது என்று அடித்து அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் பார்த்தார்.

எதிர்ப்பக்கம் நூர் ஸ்போர்ட்ஸ்.

வாணியம்பாடி நூர் முகமது அந்தக் கடையைத் திறந்தது 1981-இல். சுந்தரேசன் கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி மெட்டுகூடாவில் அந்த வீட்டுக்குக் குடி வந்ததும் அதே வருஷம். சுற்றிலும் தெலுங்கும் உருதுமாகக் கேட்டுக்கொண்டிருந்த தெருவில், "சார் தமிழா?" என்று கல்லாவிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்று வாங்கிய மட்டையிலிருந்து, பின்னால் ஸ்ரீகாந்துக்கு வாங்கி அவன் ஒரே வாரத்தில் தொலைத்த ஸ்கேட்டிங் சக்கரம் வரை, அந்த வீட்டுக்குள் வந்த விளையாட்டுச் சாமான் ஒவ்வொன்றும் இருபதடி அகல ரோட்டைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. மதிய ரயிலில் வரும் தமிழ்ப் பேப்பரை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிரதி வாங்கினார்கள். சாயந்திரம் ஆறு மணிக்குக் கடை வாசல் பெஞ்சில் இரானி டீயோடு நடுத்தாள் பாய்க்கு, வெளித்தாள் சாருக்கு. அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். எண்பத்து மூன்றில் உலகக் கோப்பை ஜெயித்தபோது பாய் கடை ரேடியோவைத்தான் தெருவே சூழ்ந்துகொண்டது. பேட்டரி தீர்ந்து கடைசி விக்கெட்டைக் கேட்காமலே கைதட்டினார்கள்.

சுந்தரேசனுக்கு ஷூ முக்கியமில்லை, கூப்பன்கூட முக்கியமில்லை. இந்தப் பெஞ்சு போய்விடக் கூடாது. மால்கள் வந்து, பள்ளிக்கூட ஆர்டர்கள் போய், கடையில் பாதி அலமாரி காலியாக இருக்கிற நேரத்தில், முதல் வாடிக்கையாளரே இன்டர்நெட்டில் ஷூ வாங்கினார் என்று பாய்க்குத் தெரிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு வெளித்தாளைக் கேட்டு வாங்குவது?

பாய்க்கு மட்டும் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் ஷூ வந்த முதல் நாளே கூரியர்காரரிடமிருந்து போன் வந்தது.

"சார், நூர் ஸ்போர்ட்ஸ் முன்னாடி நிக்கறேன். உங்க வீடு எது? இல்லாட்டி பாய்கிட்டயே குடுத்துடவா?"

சுந்தரேசன் ஜன்னல் கதவைச் சாத்தினார். "அங்க எதுக்கு நிக்கறீங்க?"

"நீங்கதானே சார் அட்ரஸ்ல போட்டிருக்கீங்க. நூர் ஸ்போர்ட்ஸ் எதிரில்னு."

போட்டிருந்தார். மாநகராட்சி மூன்று தடவை கதவிலக்கத்தை மாற்றியதில் அந்த வீட்டுக்கு மூன்று எண்கள் இருந்தன, மூன்றும் தப்பு. கேஸ் புக், ரேஷன் கார்டு, ஸ்ரீகாந்த் பள்ளிக்கூட விண்ணப்பம், ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் முப்பத்தோரு வருஷமாக 'நூர் ஸ்போர்ட்ஸ் எதிரில்' என்றுதான் எழுதுவது. சிக்ஸர்பஜார் படிவம் அடையாளம் ஒன்று கொடுக்காமல் மேலே நகர மாட்டேன் என்று நின்றபோது அவர் விரல்கள் அவரைக் கேட்காமலே அதை அடித்துவிட்டன. யாரிடம் மறைக்க வேண்டுமோ அவர் கடையையே வழிகாட்டியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

கூரியர்காரர் பெயர் ராகவேந்திரா. சித்தூர்க்காரர், நாற்பது வயது, தமிழ் நன்றாகப் பேசுவார். தலையிலிருக்கும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே எல்லா வேலையும் செய்கிறவர். அன்று அவரைச் சந்து வழியாகப் பின்வாசலுக்கு வரச் சொல்லி வாங்கிக்கொண்டதோடு சுந்தரேசன் இந்த விவகாரத்தை முடித்துக்கொண்டிருக்கலாம். ஷூ சரியாக இருந்தது. கிரிப் சும்மா கிடைத்தது. வேறு யாராக இருந்தாலும் சாமி கும்பிட்டிருப்பார்கள்.

சுந்தரேசன் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தார்.

ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, பதினாறு நிமிஷம் புல்லாங்குழல் கேட்டபின் ஒரு பெண் வந்தாள். ஹிந்தியும் இங்கிலீஷுமாகப் பேசினாள். இவர் ரயில்வே இங்கிலீஷில் பேசினார்.

"ஷூ உங்களுக்குப் பொருந்தவில்லையா சார்?"

"பொருந்துகிறது."

"பெரிதாக இருக்கிறதா?"

"இல்லை. கச்சிதமாக இருக்கிறது."

"அப்படியானால் உங்கள் புகார் என்ன சார்?"

"அதுதான் புகார். நான் கேட்டது பொருந்தாத சைஸ். நீங்கள் பொருந்துகிற சைஸ் அனுப்பியிருக்கிறீர்கள்."

அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு வகை இல்லை. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, 'அளவுக் கோளாறு' என்று பதிவு செய்து, மாற்றி அனுப்புவதாகச் சொன்னாள்.

"இன்னொரு விஷயம். பெட்டியில் ஒரு கிரிப் இருக்கிறது. அதற்கு எனக்குப் பில் போடவில்லை. தயவுசெய்து போடுங்கள்."

"சார், நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று சொல்கிறீர்களா?"

"வேறு எப்படிச் சொல்வது?"

பத்து நாளில் பழைய ஜோடி போய் மாற்று ஜோடி வந்தது. சீட்டில் ஒன்பது. நாக்கைத் தூக்கினால் எட்டு. அடியில் இன்னொரு கிரிப், இந்தத் தடவை பச்சை.

அது வருவதற்கு முன்பே கச்சிபௌலியிலிருந்து போன் வந்திருந்தது.

"அப்பா, என் கார்டுல அறுபது ரூபா ரெண்டு தடவை போயிருக்கு. ஏன்னு கேட்டா, உங்க ஃபாதரே ரிக்வெஸ்ட் பண்ணி வாங்கிக்கிட்டாருங்கறான். பூரா டீமும் என் சீட்டைச் சுத்தி நின்னு அந்த ஈமெயிலைப் படிக்குது."

"ஒரு கிரிப்புக்கு ஒரு தடவைதான் போடணும். ரெண்டாவது தப்பு."

"முதல்ததே தப்புப்பா."

"முதல்தது நியாயம்டா. ரெண்டாவதை நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். இரண்டாவது அறுபதை கம்பெனி திருப்பிக் கொடுத்தது. ஆனால் ரூபாயாக இல்லை, கூப்பனாக. பதினைந்து நாள் கெடு. அறுநூறு ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் செல்லும், அதுவும் நைலான் ஷட்டில் காக்கில் சிவப்பு மூடி போட்ட டப்பாவுக்கு மட்டும். சிவப்பு மூடி என்றால் காற்றில் பறக்கும், இளவட்டங்கள் ஆடுவது. ரயில்வே காலனிக் கோர்ட்டில் காலை ஐந்தரைக்கு ஆடும் எல்லாருக்கும் சேர்த்து வயது இருநூற்று நாற்பது. அவர்களுக்கு மிதமான வேகத்து நீல மூடிதான் சரி. சுந்தரேசனுக்கு அது தெரியும். ஆனால் கூப்பன் சிவப்புக்குத்தானே.

சிவப்பை ஆர்டர் செய்தார். இந்தத் தடவை புத்தியாக அடையாளத்தை 'ஆஞ்சநேயர் கோவில் அருகில்' என்று மாற்றிவிட்டார்.

அந்தப் பின்கோடில் நாலு ஆஞ்சநேயர்கள் இருந்தார்கள். ராகவேந்திரா நாலு பேரையும் தரிசித்துவிட்டு, கடைசியில் நேராக நூர் ஸ்போர்ட்ஸில் வண்டியை நிறுத்திக் கேட்டிருக்கிறார். கேட்டதோடு போகாமல் அங்கே உட்கார்ந்து தண்ணீர் வேறு குடித்தார். பாய் கடை வாசலில் நின்று கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"சார், உங்களுக்கு ஏதோ பார்சலாம்."

சுந்தரேசன் பனியனோடு ஓடி வந்தார். "மருந்து, பாய்."

"இவ்வளவு பெரிய பெட்டியிலயா?"

"மூணு மாசத்துக்குச் சேர்த்து வரும்."

பாய் பெட்டியை மூக்கருகே கொண்டுபோனார். ஜீடிமெட்லாவில் கிடங்குக்கு அக்கம்பக்கமெல்லாம் மருந்துக் கம்பெனி. அங்கே ஒரு ராத்திரி கிடந்தால் கருங்கல்கூட மாத்திரை வாசனை அடிக்கும். "ஹவ், ஆமா, மருந்து வாசனைதான்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். "உடம்பைப் பார்த்துக்குங்க சார்."

சுந்தரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனிடம் பொய் சொல்கிறோமே என்று நினைத்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே நீல மூடி. கூடவே ஒரு கிரிப், சிவப்பு.

மறுநாள் காலை கோர்ட்டில் அந்த நீல மூடி அழகாகப் பறந்தது. சுந்தரேசன் பல மாதங்களுக்குப் பிறகு இரண்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார். ஆட வசதியாக இருந்ததில் அவர் கோபம் இரட்டிப்பானது. வீட்டுக்கு வந்து குளிக்காமல்கூட இரண்டாவது புகாரை எழுதினார்.

சாயந்திரம் பெஞ்சில் பாய் கேட்டார். "மருந்து ஒத்துக்குதா சார்?"

"ஒத்துக்குது பாய்."

"அப்ப சரி. ஒத்துக்கறதைத்தான் எடுத்துக்கணும், விளம்பரத்தைப் பார்த்து எடுத்துக்கக் கூடாது." பாய் நடுத்தாளைப் புரட்டினார். பிறகு கீழே பார்த்தார். "ஷூ புதுசா? நல்லாருக்கே."

சுந்தரேசன் கால்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "பையனோட ஃபிரெண்டு பெங்களூர்லேந்து வாங்கிட்டு வந்தான்."

"பெங்களூர் சரக்கா. கடிக்கலையே?"

"சேச்சே."

"பெங்களூர்க்காரன் விவரமானவன்" என்றார் நூர் முகமது, டீயை ஊதி ஊதிக் குடித்தபடி.

அன்றைக்கு முடிவு செய்தார் சுந்தரேசன். இனிமேல் பார்சல் வெள்ளிக்கிழமை மட்டும் வர வேண்டும், மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள். ஜும்மா தொழுகைக்குப் பாய் பன்னிரண்டே முக்காலுக்கு ஷட்டரை இறக்குவார், இரண்டேகாலுக்குத்தான் தூக்குவார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது தவறியதில்லை.

"வெள்ளிக்கிழமை எதுக்கு சார், நாளைக்கே எடுத்துட்டு வந்துடறேனே" என்றார் ராகவேந்திரா.

"வெள்ளிக்கிழமை விசேஷம்."

"அம்மனுக்கா?"

"எனக்கு."

இதற்கிடையில் கம்பெனி மன்னிப்புக் கேட்டு ஈமெயில் அனுப்பியது. கையிலிருக்கும் ஷூவை அவரே வைத்துக்கொள்ளலாம், வருத்தத்துக்கு அடையாளமாக முந்நூறு ரூபாய்க் கூப்பன், பத்து நாள் கெடு.

சுந்தரேசன் ஒரு தாள் எடுத்துக் கோடு போட்டார். இடது பக்கம் 'கேட்டது', வலது பக்கம் 'வந்தது'. ஒன்பது கேட்டால் எட்டு. மறுபடி ஒன்பது கேட்டால் மறுபடி எட்டு. வேகம் கேட்டால் மிதம். எதைக் கேட்டாலும் ஒரு படி குறைத்து அனுப்புகிறார்கள் என்பது தெளிவாகப் புலப்பட்டது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் சமையலறைக்குப் போனார்.

"ருக்மிணி, பத்து போட்டா ஒன்பது வரும்."

"உங்க கால் எட்டுங்க."

"நான் இப்ப காலைப் பத்திப் பேசல."

முந்நூறு ரூபாய்க் கூப்பனில் இன்னொரு ஜோடிக்குப் பத்து போட்டார். வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்கு எட்டு வந்தது. கிரிப், வெள்ளை.

அன்று அவர் எழுதிய கடிதத்தை அவர் மகன் பல வருஷம் கழித்தும் நண்பர்களுக்குப் படித்துக் காட்டுவான். பதினான்கு பாரா, நாலு இணைப்பு. 'இந்தச் சரக்கைக் கட்டி அனுப்பும் நபர் எண் தெரியாதவராகவோ, எண்ணை மதிக்காதவராகவோ இருக்க வேண்டும். பின்னதாக இருந்தால் அவர் வியாபாரத்தில் நீடிப்பது சமூகத்துக்கு ஆபத்து' என்று முடித்திருந்தார். நுகர்வோர் மன்றத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தது.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. சிக்ஸர்பஜார் தானாக எதையும் கட்டி அனுப்புவதில்லையாம். ஊர் ஊருக்குச் சப்ளையர்கள் இருக்கிறார்களாம், கம்பெனி பெயரில் அவர்கள்தான் அனுப்புகிறார்களாம். ஒரு சப்ளையர் மீது ஒரே வாடிக்கையாளர் மூன்று புகார் கொடுத்தால் அவரைப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கிவிடுவார்கள். இது மூன்றாவது. வரும் வெள்ளிக்கிழமை கூரியர்காரரிடம் ஷூவைத் திருப்பிக் கொடுத்து, அவர் கொண்டுவரும் தாளில் கையெழுத்துப் போட்டால் நீக்கம் அமலுக்கு வரும்.

சுந்தரேசனுக்கு ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாக ஆபீஸ் போன மாதிரி இருந்தது. எங்கோ டெல்லிப் பக்கம் ஏசி ரூமில் கால்மேல் கால் போட்டு, எட்டை எடுத்து ஒன்பதுக்கு அனுப்புடா என்று உத்தரவு போடும் ஒரு தடித்த ஆளை மனக்கண்ணில் பார்த்தார். அந்த ஆளின் கழுத்தில் தங்கச் சங்கிலிகூட இருந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம் பெஞ்சில் பாய் கொஞ்சம் சோர்வாக இருந்தார். கடைக்குள் அலமாரி இன்னும் காலியாகத் தெரிந்தது.

"வியாபாரம் எப்படி பாய்?"

"கடைக்கு யாரு சார் வர்றாங்க. இந்த வருஷம் ஏதோ இங்க அங்க புரட்டிச் சமாளிச்சுட்டேன். அடுத்த வருஷம் அல்லா பார்த்துக்கணும்." வெளித்தாளை மடித்து நீட்டினார். "நெட்டுல வாங்கறவங்களை நான் தப்பு சொல்லமாட்டேன். காலம் அப்படி."

குற்ற உணர்வில் சுந்தரேசனுக்கு வாய் தடுமாறியது. "நெட்டுக்காரன் ஒழுங்கா அனுப்பினாத்தானே பாய். கேக்கறது ஒண்ணு, வர்றது ஒண்ணு." சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "ஸ்ரீகாந்த் சொன்னான்."

"வந்தது உபயோகப்படலையாமா?"

"உபயோகம் வேற, பில் வேற பாய்."

நூர் முகமது சிரித்தார். "முப்பத்தோரு வருஷமா இதையேதான் சொல்றீங்க. டீ ஆறுது, குடிங்க."

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டே முக்காலுக்கு எதிர்க்கடை ஷட்டர் இறங்கியது. வெள்ளைக் குல்லாயோடு பாய் மசூதிப் பக்கம் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டார் சுந்தரேசன். ஷூ பெட்டியை பிரவுன் தாளில் சுற்றி, சணல் போட்டு, மூன்று பிரதியில் பட்டியல் தயாராக இருந்தது. வெள்ளைக் கிரிப்பைத் தனிக் கவரில் போட்டு, 'உரிமை கோரப்படாத பொருள்' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

ஒன்று பத்துக்கு ராகவேந்திரா வந்தார். ஹெல்மெட்டோடு உட்கார்ந்து ருக்மிணி கொடுத்த மோரைக் குடித்தார். மூன்று பிரதியையும் மரியாதைக்குப் புரட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இங்க ஒரு கையெழுத்து சார். இதோட சப்ளையர் கணக்கு குளோஸ்."

சுந்தரேசன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முப்பத்துநாலு வருஷம் கையெழுத்துப் போட்ட அதே பச்சை மை. மூடியைத் திருகினார். ஜன்னலுக்கு வெளியே தெரு காலியாக இருந்தது. மசூதியிலிருந்து பாங்கு கேட்டது.

"அந்த ஆளுக்கு இது ஒரு பாடமா இருக்கட்டும்" என்றார்.

ராகவேந்திரா அன்றுதான் முதல்தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"போடுங்க சார், இந்தப் பெட்டி ஜீடிமெட்லா போய் சீல் வாங்கிட்டு நாளைக்கே எதிர்க்கடைக்குத் திரும்பி வந்துடும், சப்ளை பண்றதே நம்ம பாய்தானே; 'மூணாவது புகார் வந்தா பேரை எடுத்துடுவாங்க பாய், அவரு கேக்கற நம்பரையே அனுப்பிடுங்க'ன்னு நானும் சொல்லிப் பார்த்தேன், 'நக்கோ, வேணாம், சாரோட கால் எட்டு, பெரிசைப் போட்டு ஆடினா இடறி விழுந்துடுவாரு, என் பேரு போனாப் போவுது'ன்னுட்டாரு."